கடைக்காரரின் நேர்மை

வாடிக்கையாளர் மனத்தில் நீங்காத நற்பெயரைப் பதிக்கும் நோக்குடன் வணிகர் காட்டும் நேர்மை அறமாகுமா என்ற வினாவை, ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட தம் ஒழுக்கவியல் நூலில் எழுப்புகிறார். விவரமறியாத குழந்தைக்கும் பிறருக்கும் ஒரே விலை கூறும் கடைக்காரரின் செயல் கடமைக்கு இணங்கியதே எனினும், அது கடமையுணர்விலிருந்து, அதாவது அறம் என்பதற்காகவே செய்யும் மனநிலையிலிருந்து, எழுந்தது என்று கொள்ள இயலாது என்பது அவர் கருத்து. நற்பெயரால் வரும் ஆதாயமே கடைக்காரரை அவ்வாறு நடக்கத் தூண்டியிருக்கலாம். இப்பாகுபாடு சற்றுக் கடுமையானதுதான். ஆயினும், பயன் கருதிய நட்பு பயன் தீர்ந்ததும் கலைந்துவிடும் என அரிஸ்டாட்டில் முன்னரே கூறியதை இதனுடன் இணைத்து நோக்கினால், ஆதாயமும் நேர்மையும் முரண்படும் வேளையில்தான் வணிகரின் உள்நோக்கம் வாங்குபவருக்குப் புலனாகிறது என்பது தெளிவாகும்.