போலீஸ் நோட்டில் இருந்த பெயர்

நிர்வாணம் எப்போது கலை, எப்போது ஆபாசம்? பட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் 1850-களின் பாரிஸ் வரை போய் வரலாம்.

புகைப்படக் கலையை 1839-ல் உலகுக்கு அறிவித்த ஊர் அது. டாகுவேர் கண்டுபிடித்த முறை பழகிய சில வருஷங்களுக்குள்ளேயே காமிரா முன்னால் உடையில்லாமல் ஆட்கள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். மனுஷன் எந்தப் புதுக் கருவியை இதற்கு உபயோகித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறான்?

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஓவியர்கள் பார்த்து வரைவதற்கென்று எடுக்கும் நிர்வாணப் படங்களுக்கு 'அகாதெமி' என்று பெயர். அரசாங்கத்தில் பதிவு செய்து அனுமதி வாங்கிவிட்டால் அது கலைக்கு உதவி. வாங்காமல் விற்றால் குற்றம். மூலான் என்ற போட்டோகிராபர் 1851-ல் ஆபாசப் படங்களுக்காக ஒரு மாதம் சிறைத் தண்டனை பெற்றார். 1856-ல் அதே மனிதர் அரசாங்க ஆதரவோடு அல்ஜீரியாவைப் படமெடுக்கக் கிளம்பினார்!

இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் தெளிவாக இருந்தார்களா என்ன? 1857-ல் ரெய்லாண்டர், முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஒட்டுப்போட்டு 'வாழ்வின் இரு வழிகள்' என்று ஒரு பெரிய படம் செய்தார். வலப்பக்கம் ஒழுக்கம், இடப்பக்கம் உல்லாசம். உல்லாசத்தில் துணி குறைச்சல். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். ஸ்காட்லாந்திலோ இடது பாதியைத் திரை போட்டு மறைத்துக் காட்டினார்கள். ராணிக்குக் கலை, குடிமக்களுக்கு ஆபாசம்.

ஆக, முதல் கேள்விக்கு அன்றைக்கே யாரிடமும் நேரான பதில் இல்லை. எனக்கென்னவோ கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மாபெரும் ஓவியர் தெலாக்ருவா 1854-ல் துரியூ என்ற நண்பருடன் சேர்ந்து நிர்வாண மாடல்களைப் படம் எடுக்க வைத்தார். அவற்றில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து 1857-ல் 'ஓடலிஸ்க்' வரைந்தார். அந்தப்புரப் பெண் என்று அர்த்தம். தெலாக்ருவா பெயர் நமக்குத் தெரியும். துரியூ பெயரும் தெரியும். அந்தப் பெண்ணின் பெயர் ஓவியத்தின் தலைப்பில் இல்லை.

ஆனால் வேறொரு இடத்தில் மாடல்களின் பெயர்கள் கவனமாக எழுதப்பட்டன. பாரிஸ் போலீஸ் 1855 முதல் 1868 வரை ஒரு பதிவேடு வைத்திருந்தது. ஆபாசப் படக் கேஸ்களில் மாட்டியவர்களின் விவரம் அதில் உண்டு. எடுத்தவர், விற்றவர், கூடவே நின்ற பெண்கள். கலை என்றால் அவளுக்குப் பெயர் கிடையாது. குற்றம் என்றால் மட்டும் பெயர் உண்டு. இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டாகுவேரின் வெள்ளித் தகட்டில் வருவது ஒரே ஒரு படம். 1851-ல் கொலோடியன் கண்ணாடி நெகடிவ் வந்ததும் ஒரே நெகடிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்றாயிற்று. 1874-ல் லண்டனில் ஹேலர் என்பவர் இடத்தில் போலீஸ் கைப்பற்றிய படங்கள் 1,30,000-க்கும் மேல். ஒரு அறையில், ஒருவர் முன்னால், சில நாணயங்களுக்காக நிற்கச் சம்மதித்தவள், முகம் தெரியாத ஆயிரம் பேர் பாக்கெட்டில் போகவும் சம்மதித்தாளா? அவளைக் கேட்டவர்கள் யார்? நீதிபதி கேட்டது பார்க்கிறவன் கெட்டுப்போவானா என்று. விமர்சகர் கேட்டது வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று.

இன்று உங்கள் சட்டைப் பையிலேயே காமிரா இருக்கிறது. நிற்காத பெண்ணைக்கூட நின்றதாகக் காட்டும் கம்ப்யூட்டர் வித்தையும் வந்துவிட்டது. யாரோ உங்களுக்கு ஒரு படம் அனுப்புகிறார்கள். கலையா, ஆபாசமா என்று அப்புறம் விவாதிக்கலாம். அடுத்தவருக்குத் தள்ளிவிட விரல் நீளும்போது, இதில் இருப்பவர் இதற்குச் சம்மதித்தாரா என்று மட்டும் யோசியுங்கள். பதில் தெரியவில்லையா? விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.