எல்லாருக்கும் வர்றதுதானே

கருவுற்ற பெண் வாந்தி எடுத்தால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு மசக்கை வருகிறது, பதறாததில் தப்பும் இல்லை. சினிமாவில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் மாமியார் முகம் மலர்ந்துவிடும். குறுந்தொகையிலேயே, பச்சைப்புளிக்கு ஏங்கும் நிறைசூலி மழைமேகத்துக்கு உவமையாக வருகிறாள். புளி, மாங்காய், நார்த்தங்காய் ஊறுகாய் என்று மசக்கையைச் சுற்றி நம்மிடம் இருக்கும் நினைவுகள் எல்லாமே இனிப்பானவை. இந்த இனிப்புக்கு நடுவே சில பெண்கள் சத்தமில்லாமல் மூழ்கிப்போகிறார்கள். நூறு கர்ப்பிணிகளில் ஒருவர், சில கணக்குகளின்படி மூவர்வரை. அவர்களுக்கு வருவதை மருத்துவர்கள் ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்கிறார்கள்.

மசக்கைக்காரி காலையில் எடுத்துவிட்டு மத்தியானம் ரசம் சாதமாவது சாப்பிட்டுவிடுவாள். இந்த நோய் வந்தவளுக்குத் தண்ணீர்கூட நிற்காது. என் தங்கைக்கு வந்தபோதுதான் இதை அருகிலிருந்து பார்த்தேன். சாதம் கொதிக்கும் வாசனை அடுக்களையிலிருந்து வரும்போதே எழுந்துவிடுவாள். கடுகு தாளிக்கிற வாசனை, பேஸ்ட், கணவரின் சோப்பு, துவைத்து மடித்த போர்வை எல்லாமே ஆகாது. தன் எச்சிலை விழுங்கினாலே குமட்டும் என்பதால் கட்டிலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் எப்போதும் இருந்தது. முதலில் சாப்பிட்டது வரும், பிறகு மஞ்சளாகப் பித்தம் வரும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது. ஒன்றும் வராமல் வயிறு மட்டும் முறுக்கி இழுக்கிற அந்த நேரம்தான் பார்க்க முடியாதது. ஒருநாள் கிண்ணத்தில் இழையாக ரத்தம் இருந்தது. “அக்கா, தலையைத் தூக்கினா வீடே சுத்துதுக்கா” என்றாள்.

அவள் மாமியார் கெட்டவர் இல்லை. இஞ்சியைத் தட்டிச் சாறு எடுத்துத் தேன் விட்டுக் கொடுத்தார். சீரகத் தண்ணீர் காய்ச்சினார், பொரி வாங்கி வைத்தார். எதுவும் நிற்கவில்லை என்றபோது, “நானும் மூணு பெத்தேன். வாந்தி எடுத்துட்டே களையெடுக்கப் போனேன். எல்லாருக்கும் வர்றதுதானே, மனசைத் தைரியமா வச்சுக்கணும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய வாந்தி அப்படித்தான் இருந்திருக்கும். வெகுநாள் நான் யோசித்தது இதைத்தான். ஒரு கர்ப்பிணியைப் புரிந்துகொள்ளப் பெற்றெடுத்தவளை விடத் தகுதியானவர் யார் என்று நினைக்கிறோம். ஆனால் இந்த நோயில், பெற்ற அனுபவமே பெரிய திரையாக நின்றுவிடுகிறது. வாந்தியே காணாதவள்கூட, “அப்படியா, எப்படி இருக்கு?” என்று கேட்பாள். தான் தாங்கியவள் கேட்பதில்லை. பதில் தன்னிடமே இருப்பதாக நினைக்கிறாள்.

டிரிப்ஸ் என்ற ஒன்று இல்லாத காலத்தில் இது உயிரையே எடுத்தது. ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் பிரான்டி 1854 ஜூனில் திருமணம் செய்துகொண்டு, 1855 மார்ச் 31 அன்று 38 வயதில், கருவுற்ற நிலையில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் காசநோய் என்றிருக்கிறது. இரண்டாண்டு கழித்து அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் கேஸ்கெல், ஓயாத குமட்டலையும் திரும்பத் திரும்ப வந்த மயக்கத்தையும் பதிவு செய்திருக்கிறார். பிரான்டியைக் கொண்டுபோனது இந்த வாந்தியாகத்தான் இருக்கும் என்பது பலருடைய கருத்து. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இன்னொரு கொடுமை நடந்தது. அந்தப் பெண்ணின் உள்மனம் குழந்தையை வெறுக்கிறது, அதனால்தான் வாந்தி என்று மருத்துவர்கள் சிலர் விளக்கம் சொன்னார்கள். உறவினர்களைப் பார்க்கவிடாமல் தனியே வைப்பதையும் வைத்தியம் என்றார்கள். “மனசைத் தைரியமா வச்சுக்கணும்” என்று நாம் சொல்வதிலும் அந்த விளக்கத்தின் எச்சம் கொஞ்சம் இருக்கிறது.

2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டது என்பேன். கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலியும் அமெரிக்காவின் மார்லீனா ஃபெஜோவும் முன்னின்று செய்தது. ஃபெஜோ 1999இல் இதே நோயில் படுத்து, வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தவர். கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று அவருடைய மருத்துவரே நினைத்தாராம். ஆய்வு சொல்வது இதுதான்: ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் எல்லார் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. கரு உண்டானதும் அதை நஞ்சுக்கொடி ஏராளமாகச் சுரக்கிறது, அது மூளையில் குமட்டலைக் கிளப்புகிறது. கருவுறும் முன்பே இந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தவர்களின் உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. குறைவாக இருந்தவர்களை அது அடித்துப் போட்டுவிடுகிறது. காரம் பழகிய நாக்கு ருசித்துச் சாப்பிடும் குழம்பு, பழகாத நாக்கைச் சுட்டுவிடுவதைப்போல. ஆயுள் முழுக்க இந்த ஹார்மோன் மிகுந்திருக்கும் பீட்டா தலசீமியா நோயாளிகளுக்குக் கர்ப்பத்தில் குமட்டல் அநேகமாக வருவதே இல்லை.

இதற்கு என்ன அர்த்தம்? மாமியாரும் மருமகளும் ஒரே நோயைத் தாங்கிப் பார்த்து ஒருத்தி ஜெயித்து ஒருத்தி தோற்கவில்லை. ஒருத்தி உடம்பில் நடந்தது இன்னொருத்தி உடம்பில் நடக்கவே இல்லை. தைரியத்தை வைத்து இதை அளக்க முடியாது. அவள் சொல்வதுதான் அளவு.

என் தங்கை விஷயத்தில் அவள் சொன்னது போதவில்லை, ஒரு காகிதம் தேவைப்பட்டது. யூரின் டெஸ்டில் அசிட்டோன் இருந்தது. சாப்பாடு இல்லாத உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் மாமியாரிடம் விளக்கினார். நீர் வற்றிப்போன கையில் டிரிப்ஸுக்கான வென்ஃப்ளான் ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தடவித் தடவித் தேடியதையும் மாமியார் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்த அன்றே அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றினார்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கறுத்துப் போகிறது, எழுந்தால் மயக்கம், எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் கஷாயத்துக்கு நேரமில்லை, டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை என்றாலே பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கும் வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் குமட்டலுக்கென்று விழுங்கிய பெண்களுக்கு, கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961 கடைசியில்தான் அதை நிறுத்தினார்கள். ஆனால் இன்று முதலில் எழுதித் தரும் டாக்ஸிலமைன், பி6 சேர்ந்த மாத்திரை பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டது. 1983இல் வழக்குகளுக்குப் பயந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை விலக்கினார்கள், 2013இல் அதே நாடு மறுபடி அனுமதித்தது. இன்னொன்றையும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுநாள் வாந்தியில் பி1 வைட்டமின் வற்றிவிடும். அந்த உடம்பில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். “குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்” என்று நாமாகச் சொல்லக் கூடாது. பி1 கொடுத்தாயிற்றா என்று கேட்கலாம்.

ஒரு ராத்திரி என் தங்கை சுவரைப் பார்த்தபடி, “எனக்கு இது வேணாம்னு தோணுதுக்கா” என்றாள். அவள் ஆசைப்பட்டுச் சுமந்த குழந்தை அது. ஆசைப்பட்ட குழந்தையையே இந்த வேதனை தாளாமல் கலைத்துவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்பு குறைவு என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை. குழந்தை மேல் ஆசையும், இந்த நாள் எப்போது முடியும் என்ற வெறுப்பும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும். “அப்படிப் பேசாதே, வயித்துல கேட்கும்” என்று வாயை அடைத்தால், குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமப்பாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சொல்லட்டும் என்று விட்டேன்.

பலருக்கு இருபதாவது வாரத்துக்குள் தணிந்துவிடும், சிலருக்குப் பிரசவம்வரை விடாது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு அதிகம். என் தங்கை இப்போது இரண்டாவதைப் பற்றி யோசிக்கிறாள். கர்ப்பம் உறுதியானதுமே மாத்திரையைத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போது அட்மிட் ஆவது, மூத்தவனை யார் பார்த்துக்கொள்வது, ஆபீசில் லீவுக்கு என்ன செய்வது எல்லாவற்றையும் வீட்டில் பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்றும் முடிவெடுப்பேன் என்று கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். யாரும் மறுத்துப் பேசவில்லையாம்.