நான்காய் மடித்த கைக்குட்டை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அறைக் கண்காணிப்பாளராக நின்றிருந்தேன். ஒரு பையன் நான்காய் மடித்த கைக்குட்டையை வலது கைக்குக் கீழே வைத்து எழுதிக்கொண்டிருந்தான். பறக்கும் படையில் வந்தவர் அதை எடுத்துப் பிரித்தார், உதறினார், திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. சோதித்ததைக் குறை சொல்ல மாட்டேன்; அது அவர் வேலை. “ஏன்டா கை இப்படி வேர்க்குது? எதுக்குப் பயப்படுற?” என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் என்னை விட மாட்டேன் என்கிறது.

பையன் பதில் சொல்லவில்லை. அவர் கைக்குட்டையை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். எடுத்துக் கொடுக்கப் போனபோது பார்த்தேன்: ஒரு மடிப்பு மட்டும் பிழியலாம்போல் நனைந்து, அதில் நீல மை படர்ந்திருந்தது. அது நனைந்தால் அடுத்த மடிப்பைத் திருப்பிக்கொள்ளலாம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அவன் போட்டு வந்த கணக்கு அது.

வேர்த்தால் பயம், பயந்தால் குற்றம் என்று எப்போது முடிவுகட்டினோம்? கல்லூரி நாளில் படித்த ஓர் உளவியல் புத்தகம் அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. கார்ல் யுங் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, எந்தச் சொல்லுக்கு ஒருவரது தோலின் மின்கடத்தல் மாறுகிறது என்று அளந்து பார்த்தார். 1907இல் அது கட்டுரையாக வந்தது. பொய் கண்டறியும் கருவியும் விரல் வேர்வையைச் சாட்சிக்கு இழுக்கிறது. இந்தப் பையன் விஷயத்தில் அந்தச் சாட்சி செல்லாது. அவனைப் போல உள்ளங்கை ஓயாமல் வேர்ப்பவர்களுக்கு வேர்வைச் சுரப்பியில் பழுதில்லை. அதை இயக்கும் பரிவு நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. தூங்கினால் வேர்வை நின்றுவிடும். பலருக்குக் குடும்பவழியில் வருகிறது.

என் அத்தைக்கும் இந்தக் கை வேர்வை இருந்தது. கோலப்பொடி அவர் விரலில் அப்பிக்கொள்ளும், இழை விட்டுவிட்டு விழும். அதனால் எந்நாளும் மாக்கோலம்தான். அரிசி மாவில் துணியை நனைத்துப் பிழிந்து, மோதிர விரல் வழியாக இழை இழுப்பார். தெருவே அதை ஆசாரம் என்று நினைத்தது. முந்தானையில் துடைத்துக்கொள்ளாமல் என் கையைக்கூட அவர் பிடித்ததில்லை. இதற்கு மருத்துவம் உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உண்டு. இரவில் நன்றாக உலர்ந்த கையில் அலுமினியம் குளோரைடு கரைசலைத் தடவி, காலையில் கழுவுவது முதல் படி. சிலருக்கு எரிச்சல் வரும். அதற்கு அடங்காவிட்டால் அயன்டோபோரசிஸ். தட்டில் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையை அமிழ்த்தி, லேசான மின்சாரத்தை 20 நிமிடம்போலச் செலுத்துவார்கள். முதலில் வாரத்துக்குச் சில முறை, கை காய்ந்த பிறகு வாரம் ஒருமுறை போதும். விட்டால் வேர்வை திரும்பும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. போட்டாக்ஸ் ஊசி சில மாதம் தாங்கும், உள்ளங்கையில் குத்துவதால் வலி அதிகம். மாத்திரைகளும் இருக்கின்றன, வாய் வறளும். நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவையைக் கடைசியில்தான் வைப்பேன். கை காய்ந்து, முதுகும் வயிறும் வேர்த்துக் கொட்டத் தொடங்கினால் அதை மாற்றுவது கடினம்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்லலாமா? சொன்னால், ‘உன் கையில் குறை இருக்கிறது’ என்று நானும் சொன்னதாகிவிடும். அவன் மறைக்கப் பாடுபட்டதைப் பார்த்துவிட்டேன் என்றும் ஆகும். அத்தை எந்த மருந்தும் இல்லாமல் தன் வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் அவர் பொதுத்தேர்வு எழுதவில்லை, ரேஷன் கடைக் கருவியில் விரல் வைக்கவில்லை, யாரோடும் கைகுலுக்க வேண்டியிருக்கவில்லை. உலகம் கொஞ்சம் இடம்கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அதுவரை பிள்ளை ஏன் தவிக்க வேண்டும் என்று மறுநாள் தோன்றுகிறது. எது சரி என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி இருந்தால், அவனிடமே கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் பார்ப்பார்கள்.