பிறந்தநாளும் கடலும்



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சில காலத்துக்கு முன் ஓர் இளம்பெண் அறைவீட்டுக்கு வந்தாள். “பாதர், எங்க அப்பாயியோட ஞானஸ்நானப் பதிவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுவீங்களா? அவங்க பொறந்த நாள் எதுன்னு தெரியணும்” என்றாள்.

அடையாள அட்டையில் திகதி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அட்டை எடுத்த காலத்தில் யாரோ மதிப்பாகச் சொல்லி எழுதிய திகதி அது. நம் தோட்டங்களில் இது புதுமையன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று சான்று தேடி அலைந்த மக்கள் நாம். மற்றவர்களுக்குப் பிறப்பு கொண்டாட்டம். நமக்கு அது நிரூபிக்க வேண்டிய வழக்காக இருந்தது.

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், எல்லாம் மங்கிய மையில் இருந்தன. வரும் மாதம் அந்தத் தாய்க்கு எழுபது வயது நிறைகிறது. “அப்பாயி இதுவரைக்கும் கடல் பார்த்ததே இல்ல பாதர். அன்னிக்குக் கூட்டிட்டுப் போகப்போறோம்” என்றாள் பேத்தி.

நம் ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளையும் மொனறாகலையும் நிலத்தால் சூழப்பட்ட மாவட்டங்கள். கடல் சூழ்ந்த தீவில் எழுபது ஆண்டு வாழ்ந்தும், தேயிலை மலைக்கு அப்பால் கடலைக் காணாத தாய்மார் நம் லயங்களில் எத்தனை பேர்!

பிரியமானவர்களே, பிறந்தநாள் கொண்டாடுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. வேதாகமத்தில் மூன்று அரசர்களின் பிறந்தநாளைப் பற்றி வாசிக்கிறோம். பார்வோனுடைய பிறந்தநாளில் அப்பம் சுடுவோர் தலைவன் தூக்கிலிடப்பட்டான் (ஆதியாகமம் 40). அந்தியோக்கு மன்னனின் பிறந்தநாளில் யூதர்கள் பலிப்பொருளை உண்ணும்படி பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்டார்கள் (2 மக்கபேயர் 6). ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஸ்நாபக அருளப்பரின் தலை தட்டில் வந்தது (மாற்கு 6). மூன்று விருந்திலும் ஒருவன் தன்னைப் பெரியவனாக்கினான்; அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

ஆனால் திருச்சபையும் பிறந்தநாள் கொண்டாடுகிறது. மார்கழி 25 இல் நம் ஆண்டவருடைய பிறப்பு, புரட்டாதி 8 இல் தேவமாதாவின் பிறப்பு, ஆனி 24 இல் ஸ்நாபக அருளப்பரின் பிறப்பு. மற்றப் புனிதர்களைப் பெரும்பாலும் அவர்கள் மரித்த நாளில் நினைவுகூர்கிறோம். அதுவே அவர்களுடைய விண்ணகப் பிறந்தநாள். ஆகவே பிறந்தநாள் கொண்டாடுவது குற்றமன்று. உயிரைத் தந்தவருக்கு நன்றி சொல்ல அன்று கூடுகிறோமா, அல்லது ஏரோதின் பந்தியில் உட்காருகிறோமா என்பதே கேள்வி.

நம்மிடையே நடக்கும் உல்லாசப் பயணங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். தோட்டை அடகு வைத்து வேன் பிடிக்கிறோம். ஆசனத்துக்கு அடியில் சாராயப் போத்தல். யார் பெயரைச் சொல்லிப் புறப்பட்டோமோ, அந்தக் கிழவி வேனுக்குள் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். திரும்பும் வழியில் சாரதியை அவசரப்படுத்துகிறோம். 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா முடிந்து வீடு திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை நம் மலைகள் மறந்துவிடவில்லை. நம் வீதிகளில் இரவில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெளிந்த கண்ணும் போதிய தூக்கமும் வேண்டும். அவனுக்கு அவற்றைக் கொடுப்பதும் பிறர்சிநேகமே.

அந்தக் குடும்பம் வேறுவிதமாகச் செய்தது. கடன் வாங்கவில்லை, மாதாமாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்தார்கள். ஞாயிறு பூசையைத் தவற விடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். சனி மாலைப் பூசை கண்டால் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது என்றேன். எல்லாரும் வந்தார்கள். அப்பாயி நற்கருணை வாங்கினார். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, மொனறாகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவில் தாண்டி அறுகம்பை போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பேத்தி வந்து நடந்ததைச் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் ஓடிக் குதிக்க, அப்பாயி சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மகனைப் பார்த்து, “இந்தியா எந்தப் பக்கம்யா?” என்று கேட்டார். மகன் வடக்கே கையைக் காட்டினார். “எங்க அக்காவக் கொண்டுபோன தண்ணி இதுதானா?” என்றார் அந்தத் தாய். பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி ஓர் அக்கா இருந்தது அதுவரை தெரியாது.

1964 ஒக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்கள், சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும், ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பங்கிட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அக்கா அங்கே, தங்கை இங்கே. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். எழுபதுகளில் அப்படிப் போன அக்காவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது; பிறகு இல்லை.

அப்பாயி கரையில் உட்கார்ந்து செபமாலை சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராக விளையாட்டை விட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார்கள்.

பிரியமானவர்களே, திருவெளிப்பாடு எழுதிய அருளப்பர் பத்மு என்னும் தீவில் இருந்தார். விசுவாசத்தின் பொருட்டுத் தன் சபைகளை விட்டுப் பிரிந்திருந்தார். சுற்றிலும் கடல். புதிய வானத்தையும் புதிய பூமியையும் காட்சியில் கண்டபோது, அங்கே கடல் இல்லாததை அவர் குறித்து வைக்கிறார் (அதிகாரம் 21). இவ்வளவு அழகான கடலை ஏன் இறைவன் நீக்க வேண்டும் என்று நான் யோசித்ததுண்டு. அந்தத் தாயின் கேள்வியைக் கேட்ட பிறகு யோசிக்கவில்லை. பிரிக்கப்பட்டவனுக்குக் கடல் ஒரு மதில். அந்த மதில் விழும் நாளையே அருளப்பர் கண்டார்.

அந்த நாள் வரும்வரை நாம் சும்மா இருக்கலாமா? உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பிறந்தநாளைத் தேடி அறியுங்கள். பங்குப் பதிவேடு திறந்தே இருக்கிறது. அவர்களைக் கூட்டிப் போங்கள். தூரம் முடியாவிட்டால் பக்கத்துக் கோவிலுக்கேனும் கூட்டிப் போங்கள். அவர்களுடைய கதையைக் கேட்டு, பெயர்களை எழுதி வையுங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாட்டரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் நம் உறவினரின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். உங்கள் கையிலுள்ள தொலைபேசி பாட்டுக் கேட்க மட்டுமா? அந்தப் பேத்தி தேடத் தொடங்கிவிட்டாள். இன்னும் விபரம் கிடைக்கவில்லை, அவளுக்காகச் செபியுங்கள்.

உழைத்துக் களைத்த அப்போஸ்தலர்களை நம் ஆண்டவர் தனிமையான இடத்துக்கு அழைத்து, சற்று இளைப்பாறச் சொன்னார் (மாற்கு 6). ஏரோதின் விருந்தைச் சொல்லும் அதே அதிகாரத்தில்தான் இதுவும் வருகிறது. எந்த விருந்தை நாம் தெரிந்துகொள்வோம்?

அந்தத் தாயின் பெயர் நாற்பது வருடம் செக்ரோலில் இருந்தது. காலையில் பிரட்டில் கூப்பிட்டார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து முழுப்பேர், அரைப்பேர் என்று குறித்தார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பெயரை வெட்டிவிட்டார்கள். ஆனால் எழுபது வருடத்துக்கு முன், ஒரு கிலோ கொழுந்தும் பறிக்காத பச்சைக் குழந்தையாக இருந்தபோதே, திருச்சபையின் பதிவேட்டில் அவர் பெயர் எழுதப்பட்டது. அது வெட்டப்படவில்லை. உங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதைக் குறித்து மகிழுங்கள் என்றல்லவா ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னார் (லூக்காஸ் 10)? அந்த மகிழ்ச்சியோடு நம் நாட்களை எண்ணிக் கொண்டாடுவோமாக.

ஆமென்.