காற்றும் கடமையும்

சோம்பல் குற்றம் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். நன்னெறிப் பாடத்தில் ஊக்கமுடைமை ஒரு பண்பாக இடம்பெற்றிருக்கிறது. அதனை விளக்கக் கதை சொல்லுகிறோம், படம் வரைந்து சுவரில் ஒட்டுகிறோம். இவ்வளவும் செய்த பின் ஒரு பிள்ளை வகுப்பில் கண்ணயர்ந்தால், அறிந்தே அறம் பிழைத்தவனைப் போல அவனை எழுப்பி நிறுத்துகிறோம். அவன் கண்ணயர்ந்ததற்கு அவன்தான் காரணமா என்று எண்ணிப் பார்க்கிறோமா? நான் அவ்வாறு எண்ணத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான். எண்ணும்படி நேர்ந்த கதையைச் சொல்லுவது ஆசிரியப் பணியில் இருப்போர்க்கும், அதற்குப் பயிற்சி பெறுவோர்க்கும் பயன்படக் கூடும்.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து, 1991-ஆம் ஆண்டில் நான் முதன்முதலாகப் பணியேற்றது ஒரு தோட்டப் பள்ளியில். நீண்ட பலகைக் கட்டடம் ஒன்று. இடையிடையே கரும்பலகைகளை நிறுத்தி அதனை நான்கு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மேலே தகரக் கூரை. அதன்கீழ் உட்கூரை கிடையாது. மழை கொட்டினால் ஆசிரியரின் வாய் அசைவது தெரியும், சொல் கேளாது. வெயில் ஏறிய பின் உச்சந்தலையில் அடுப்பைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். என் வகுப்பின் பின்புறச் சன்னலைச் சாரலுக்கு அஞ்சி யாரோ எப்போதோ ஆணி வைத்து அடைத்திருந்தார்கள். அந்தச் சன்னலை ஒட்டிய கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். ஓய்வு வேளை முடிந்து கணிதப் பாடம் தொடங்கினால் அரைமணிக்குள் அவன் தலை சாய்ந்துவிடும். வீட்டில் சரியான தூக்கம் இல்லை என்றேன்; காலையில் பசியாறுவதில்லை என்றேன்; விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் பெற்றோர் பிள்ளையைக் கவனிப்பதில்லை என்றுகூடச் சொன்னேன். கடைசியில் சோம்பேறி என்றே முடிவு கட்டினேன்.

ஒருநாள் அவனை எழுப்பி, என் மேசைக்கருகில் இருந்த திறந்த சன்னலோரம் பாடம் முடியும்வரை நிற்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவன் கண்கள் தெளிந்தன. கரும்பலகையில் இருந்த கணக்குக்கு விடையும் சொன்னான். தண்டனை பலித்தது என்று மகிழ்ந்தேன். அந்த ஆண்டு முழுவதும் அதே மருந்தைக் கொடுத்து வந்தேன். நிறுத்தியதால் விழித்தான் என்று நினைத்தேனே தவிர, நிறுத்திய இடம் எது என்று நான் பார்க்கவில்லை. நிற்பதும் ஓரளவு விழிப்பைத் தந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சன்னலோரத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே விழித்திருந்தார்களே!

இதில் புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. பலர் கூடியிருக்கும் அறையில் காற்று கெட்டுவிட்டதா என்பதை அங்குள்ள கரியமில வாயுவைக் கொண்டு அறியலாம் என்று ஜெர்மானிய மருத்துவ அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு என்பது அவர் வைத்த எல்லை. இன்று திறந்த வெளியில் அது 420 பங்கு அளவில் இருக்கிறது. நம் வகுப்பறைக்கு இதனை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 189 கன மீட்டர். அதில் 30 மாணாக்கர். ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவதாகக் கொண்டால், 30 பேரும் சேர்ந்து 450 லிட்டர். சன்னலும் கதவும் அடைபட்டிருந்தால் ஒரு பாட வேளையான 30 நிமிடம் முடியுமுன்பே பெட்டன்கோஃபரின் எல்லை கடந்து போகும்.

கடந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2012-இல் 22 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், 600 பங்கு இருந்த காற்றைவிட 1,000 பங்கு இருந்த காற்றில் தீர்மானிக்கும் திறன் பல கூறுகளில் குறைந்து காணப்பட்டது. 2,500 பங்கில் மேலும் குறைந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதனை ஒரே அளவில் உறுதிசெய்யவில்லை. வாயுவே காரணமா, அதனோடு அறையில் தங்கிவிடும் வியர்வையும் புழுக்கமும் பிற கழிவுகளும் காரணமா என்னும் வாதம் இன்னும் முடியவில்லை. ஆசிரியருக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒரு சன்னல்தான்.

நம் நாட்டுச் சட்டம் இதில் நம்மைவிட முன்னே நிற்கிறது. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளில் 39-ஆவது விதியைப் படித்த நாளில் நான் வியந்துபோனேன். குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டளவு சன்னல் வேண்டும் என்கிறது அது. மருத்துவமனைக்கு 15 விழுக்காடு. பள்ளி வகுப்பறைக்கோ 20 விழுக்காடு. அதில் பாதியளவு தடையின்றிக் காற்றுப் போய்வரத் திறப்பாக இருக்க வேண்டும். நோயாளியின் அறையைவிட மாணாக்கரின் அறைக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டம் கூறுவது எத்துணைப் பொருள் பொதிந்தது! மேலே சொன்ன அறையின் தரைப்பரப்பு 63 சதுர மீட்டர். அதற்கு 12.6 சதுர மீட்டர் சன்னலும் 6.3 சதுர மீட்டர் திறப்பும் வேண்டும்.

இந்த அளவு நினைவில் இருக்க, சென்ற ஆண்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு என் பள்ளியின் வகுப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தேன். கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். அடைத்தவர்கள் நாங்கள். ஒரு வகுப்பில் புத்தக அலமாரி இரண்டு சன்னல்களை முழுவதுமாக மறைத்திருந்தது. இன்னொன்றில் போட்டியில் பரிசு பெற்ற அறிவிப்புப் பலகை. மற்றொன்றில் வெண்பலகையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று தடித்த திரை. நான்காம் ஆண்டு வகுப்பில் சன்னல் கண்ணாடி மேலேயே நன்னெறி விளக்கப் படங்களை ஒட்டியிருந்தார்கள். ‘ஊக்கமுடைமை’ என்ற படமும் அவற்றுள் ஒன்று. நான் சிரித்துவிட்டேன். வகுப்பாசிரியை திகைத்தார். பிறகு 1991-ஆம் ஆண்டுக் கதையை அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே வேளையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வகுப்புதோறும் குளிர்சாதனம் பொருத்த நிதி திரட்ட முன்வந்தனர். அவர்கள் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. தலைமையாசிரியர் அறைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் குளிர்சாதனம் அன்பளிப்பாகத் தந்திருந்தார். அதன்கீழ் அமர்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. சுவரில் மாட்டும் அந்தக் கருவி அறைக்குள் இருக்கும் காற்றையே மறுபடியும் மறுபடியும் குளிர்விக்கிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு. குளிர் வீணாகாமலிருக்க நாம் சன்னலைச் சாத்துகிறோம். புழுக்கம் தெரியாமல் காற்று கெடுகிறது.

பெரிய நாடுகளின் அலுவலகங்களும் இந்தப் பாடத்தைப் பட்டே கற்றன. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கட்டடங்களை இறுக மூடி, உள்ளே விடும் வெளிக்காற்றின் அளவைக் குறைத்தார்கள். பத்தாண்டுக்குள் தலைவலி, கண்ணெரிச்சல், அயர்ச்சி என்று ஊழியர்கள் முறையிடலானார்கள். காரணம் கட்டடத்திலேயே இருக்கக் கூடும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் உட்புறக் காற்றின் தரத்திற்கு 2010-ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை ஒன்று வந்தது. குளிர்சாதன வசதி உள்ள பணியிடங்களுக்கு உரியது அது. அதிலும் கரியமில வாயுவுக்கு அந்த ஆயிரம்தான் எல்லை. பணியாளருக்குக் குறை சொல்ல வாயிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு ஏன் தலை கனக்கிறது என்பதே தெரியாது. தெரியாதவன் சார்பில் கேட்க வேண்டியவர் யார்?

இதை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர் மறுத்தார். “நாமெல்லாம் தகரக் கூரையின்கீழ்ப் படித்தவர்கள்தாமே ஐயா? மண்ணெண்ணெய் விளக்கில் படித்து மருத்துவரானவர்கள் நம் தோட்டத்திலேயே இல்லையா? படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும்” என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. துன்பத்தில் உரம் பெற்றவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த விளக்கின் கதையை ஆண்டுவிழாத்தோறும் சொல்லும் நாம், அதே வகுப்பில் இருந்த மற்ற முப்பது பேரின் கதையைச் சொல்லுவதில்லை. மேலும், ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் துன்பம் நோன்பு. பிறர் கவனியாமையால் அவர்மேல் விழும் துன்பம் நோன்பாகுமா? அடைபட்ட சன்னலைப் பொறுத்துக்கொண்டது பிள்ளையின் பெருமையாகலாம். அடைத்த நாம் அந்தப் பெருமையில் பங்கு கேட்பது முறையாகாது.

எப்போதும் சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரிலும் புகைமூட்டத்தால் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினோம். அத்தகைய நாளில் திறந்த சன்னலே பகை. 2023 மே மாத வெப்பத்தின்போது வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திப் பிள்ளைகளை உள்ளே இருத்தினோம். உள்ளே வெப்பம் எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை. ஆகவே இது ஒருமுறை முடிவு செய்து மறந்துவிடும் காரியமன்று. நாள்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும். கழிவறைத் தூய்மையைப் பார்ப்பதைப் போல, வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதைப் போல.

சங்கத்தாரும் நாங்களும் மூன்று முறை கூடிப் பேசினோம். திரட்டிய பணத்தில் முதலில் மேல்மாடி வகுப்புகளின் கூரைக்கடியில் வெப்பத்தைத் தடுக்கும் பாய் விரிப்பது. பழைய மின்விசிறிகளை மாற்றுவது. குளிர்சாதனத்தைப் புகைமூட்ட நாட்களுக்கென நூலகத்திலும் மற்றோர் அறையிலும் மட்டும், காற்றைத் தூய்மைப்படுத்தும் கருவியோடு பொருத்துவது என்று முடிவாயிற்று. சிலருக்கு மனக்குறைதான். பக்கத்துப் பள்ளியில் எல்லா வகுப்பும் குளிர்கிறதே என்றார் ஒரு தாய். அவருக்கு நான் சொன்ன விளக்கம் அவரைத் திருப்திப்படுத்தியதாகத் தெரியவில்லை. கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி ஆறாம் ஆண்டு மாணாக்கரிடம் கொடுத்தேன். கதவைச் சாத்திய அறையில் எண் ஏறுவதையும் திறந்ததும் இறங்குவதையும் அவர்கள் குறித்துக்கொண்டு வந்தார்கள்; கணிதப் பாடத்தில் அது வரைபடமாயிற்று.

புத்தக அலமாரியை நகர்த்திய அன்று அதன் பின்னால் இருந்த சன்னலின் தாழ்ப்பாள் துருவேறி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, தோட்டக்காரர் அதைத் திறக்க அரைமணி நேரம் பிடித்தது. அங்கே யாரை உட்கார வைப்பது என்று வகுப்பாசிரியை கேட்டார். கடைசி வரிசையில் இருப்பவர்களை வாரம் ஒருமுறை மாற்றி அமர்த்துங்கள் என்றேன்.