மூச்சென்னும் குதிரையும் ஏறுவோன் தகுதியும்

குதிரையேற்றம் பயிற்றுவிக்கும் இடங்களில், புதியவனுக்கு எளிதில் மிரளாத, நன்கு பழகிய முதிய குதிரையைக் கொடுப்பதும், துடிப்புமிக்க இளங்குதிரையைக் கைதேர்ந்தவனுக்கே ஒதுக்குவதும் வழக்கம். லாயத்தில் குதிரைகள் பல நிற்பதாலேயே இந்த ஏற்பாடு நடக்கிறது. மாற்றிக்கொள்ள இயலாத ஒரே குதிரைதான் உண்டு என்றால், ஏறுவோனின் தகுதி என்பதற்கு என்ன பொருள்? இதற்கான விடை திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், மூச்சை நெறிப்படுத்தும் பயிற்சியாகிய பிராணாயாமம் பேசப்படும் இடத்தில் கிடைக்கிறது.

உடலென்னும் ஊரில் ஐம்புலன்களுக்குத் தலைவனாய் இருக்கும் உயிர், தான் உய்வதற்காக ஏறிச்செல்லும் குதிரையே மூச்சாகிய பிராணன் என்றும், அது மெய்யரிடம் வசப்பட்டு நிற்கும், பொய்யரைக் கீழே தள்ளிவிடும் என்றும் அந்நூலின் ஆசிரியர் திருமூலர் கூறுகிறார். இதனோடு ஒப்பிடத்தக்க கடோபநிடதத்தின் தேர் உருவகத்தில் புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேர்ப்பாகன். ஆன்மா தேரில் அமர்ந்திருக்க, ஓட்டும் பொறுப்பைப் புத்தி ஏற்கிறது. திருமூலரிடமோ பாகன் இல்லை, தேரும் இல்லை; குதிரையை நடத்தும் பொறுப்பு ஏறுவோனுடையதே.

வல்லவர், வல்லாதவர் என்று பிரிக்காமல் மெய்யர், பொய்யர் என்று அவர் பிரித்திருப்பது கவனத்துக்குரியது. இதனை ஒழுக்கம் பற்றிய சொல்லாக மட்டும் கொண்டால் பாதிப் பொருள் நழுவிவிடும். அச்சமுற்ற புதியவன் குதிகால்களால் குதிரையின் விலாவை இறுக்கிக்கொண்டே கைகளால் கடிவாளத்தையும் பின்னிழுக்கிறான். விலாவில் படும் அழுத்தம் போகச் சொல்கிறது, வாயிலுள்ள இரும்பு நிற்கச் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவே சிக்கிய விலங்கு துள்ளுகிறது. நாவால் ஒரு சொல்லும் சொல்லாமலே அவன் உடல் பொய் பேசிவிடுகிறது. மூச்சிலும் இதுவே நிகழ்கிறது. காற்றை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளியிடும் இரேசகத்துக்கு 32 என்பது திருமந்திரம் தரும் அளவு. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் பொழுது. பழகாதவன் வீம்புக்காக 64 வரை வலிந்து அடக்கினால், 32 மாத்திரையில் மெல்ல வெளியேற வேண்டிய காற்று நொடியில் பீறிட்டுப் போய், அவனுடைய உண்மையான நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆன்மாவின் முதிர்ச்சியாகிய பக்குவத்துக்கு ஏற்பச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைச் சைவ சித்தாந்தம் வகுத்திருப்பது, ஆளுக்கேற்ற குதிரையைத் தேர்ந்தளிக்கும் முறையை ஒத்ததே. ஆயினும் யோகத்துக்குள் நுழைந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. குதிரை மாறாது, ஏறுவோனே மாற வேண்டும். பொய் கூறாமையை உள்ளடக்கிய, தீயன விலக்கும் இயமமும், நல்லன கைக்கொள்ளும் நியமமும், உடலிருக்கையாகிய ஆதனமும் பிராணாயாமத்துக்கு முன்னே வைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. முதல் நாளிலேயே மூச்சடக்கக் கற்பிக்கும் பயிற்சிகள் திருமூலரைச் சான்றுக்கு அழைப்பது பொருந்தாது. அவர் தரும் யோக உறுப்புகளின் வரிசையில் பிராணாயாமம் நான்காவது.