உடலின் கடிகாரமும் இரவின் உழைப்பும்

பிரெஞ்சு அறிஞர் டி மேரான் தொட்டாற்சுருங்கிச் செடியை இருளில் வைத்து அவதானித்தார். வெயில் படாதபோதும் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்பின. இது 1729 இல் வெளியாயிற்று. காலம் உயிருக்குள்ளேயும் இயங்குகின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. மனித மூளையிலும் ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்களாலான கடிகாரமொன்று உறக்கத்தையும் உடல் வெப்பத்தையும் நெறிப்படுத்துகின்றது. ஒளி அதனை நாள்தோறும் திருத்துகின்றது.

இரவுப்பணி இவ்வொழுங்கைக் குலைக்கின்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007 இல் அதனைப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென வகைப்படுத்தியது. தொழிலாளி உடன்பட்டே உழைக்கின்றான் என்பர். வறுமை தந்த உடன்பாடு சுதந்திரமான உடன்பாடாகுமா? வைத்தியசாலை இரவிலும் விழித்திருத்தல் வேண்டும். இலாபத்துக்காக மட்டும் ஓடும் இயந்திரம் ஓயலாம். தவிர்க்கவியலாத இரவுப்பணிக்கு மேலதிகக் கொடுப்பனவு மட்டும் ஈடாகாது; குறைந்த பணிநேரமும் போதிய ஓய்வும் தொழிலாளியின் உரிமையாதல் வேண்டும்.